மலையேறிய குத்தகை: கெந்திங் கேசினோ பற்றிச் சில குறிப்புகள்

மலாய் மொழியில் கெந்திங் என்றால் ஒடுங்கிய மலைக்கணவாய். அதே சொல்லுக்கு நெருக்கடி, அறுந்துவிடும் நிலை என்றும் பொருள் உண்டு. இரண்டு ஊர்களுக்கு நடுவே இருந்த ஒரு கணவாயின் பெயர் மலை உச்சிக்கு ஒட்டிக்கொண்டு, பிறகு ஒரு கம்பெனியின் பெயராகி, இப்போது லண்டன், சிங்கப்பூர், லாஸ் வேகாஸ் வரைக்கும் போயிருக்கிறது. சீனர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஓசையும் கொஞ்சம் வரட்டும், அர்த்தமும் நல்லதா இருக்கட்டும்னு யுன்டிங், அதாவது மேக உச்சி என்று வைத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் வழக்கம்போல 'கெந்திங்' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறோம்.

மலேசியாவில் சட்டப்படி நடக்கும் கேசினோ இது ஒன்றுதான். 1971 முதல் அப்படித்தான். இஸ்லாம் அதிகாரபூர்வ மதமாக உள்ள நாட்டில், தலைநகரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், 6,000 அடி உயரத்தில் எப்படி இப்படி ஒன்று வந்தது? ஏன் ஒன்றே ஒன்று? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக மனதில் இருந்தது. கூடத்தையெல்லாம் இடித்துக் கட்டிப் புதுசாக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வாடிக்கையாளனாகவே போய்விட்டு வந்தேன். வேடிக்கை பார்க்க மட்டும் போகவில்லை, ஆடவும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் பின்னாடி போகணும்.

இரண்டு நூற்றாண்டுக்குப் பின்னால்.

1820இல் சிங்கப்பூரில் வில்லியம் ஃபார்க்கூவாருக்கு ஒரு சிக்கல். ஊர் வளர்கிறது, காவலுக்கும் சாலைக்கும் பணம் வேண்டும், ஆனால் துறைமுகத்தில் சுங்கம் வாங்கக்கூடாது என்பது ராஃபிள்ஸின் கொள்கை. அதனால் அபின், சாராயம், சூதாட்டம் மூன்றையும் ஏலம் விட்டார். ஏலம் எடுத்தவர் மாதாமாதம் அரசாங்கத்துக்கு ஒரு தொகை கட்டிவிட வேண்டும். அதற்கு மேல் வருவதெல்லாம் அவருக்கு. இங்கிலீஷில் இதைப் பண்ணை என்கிற சொல்லால்தான் குறிப்பார்கள். தமிழில் நமக்கு அதைவிடச் சரியான சொல் இருக்கிறது: குத்தகை. சாராயக் குத்தகை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ராஃபிள்ஸ் திரும்பி வந்து 1823இல் சூதாட்டக் குத்தகையைத் தடை செய்தார். அவர் கப்பலேறினார், அடுத்து வந்த க்ராஃபர்ட் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். வருமானத்தை விட மனசு வரவில்லை. 1829இல்தான் சிங்கப்பூரில் அது ஒழிந்தது. அங்கே ஒழிந்ததே தவிர, மலாய் மாநிலங்களில் நன்றாகத் தழைத்தது. சிலாங்கூர், பேராக்கின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளிகள் வாங்கிய கூலி, அபின் குழாய் வழியாகவும் சூதாட்ட மேசை வழியாகவும் சுரங்க முதலாளியிடமே திரும்பி வந்தது. ஏனென்றால் குத்தகைதாரர்களும் சுரங்க முதலாளிகளும் பல இடங்களில் ஒரே ஆட்கள். கோலாலம்பூரின் காப்பித்தான் யாப் ஆ லோய் தன் வீட்டுக்குப் பக்கத்தில், இன்று மேடான் பாசார் இருக்கும் இடத்தில், சந்தையும் சூதாட்டக் கொட்டகையும் வைத்திருந்தார். அவருக்குப் பிறகு லோக் இயூ. இன்றைக்குச் சாலைக்கும் பள்ளிக்கும் பெயராக இருப்பவர். குத்தகைகளில் பெரும் பணம் பார்த்தவர்.

இங்கே ஒரு சின்ன விலகல். மலேசியாவில் எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் அடகுக்கடைப் பலகையில் 'பாஜாக் காடாய்' என்று எழுதியிருக்கும். காடாய் என்றால் அடகு. பாஜாக் என்றால்? அதே குத்தகைதான். அடகுத் தொழிலையும் அன்று ஏலத்தில்தான் விட்டார்கள். குத்தகை முறை செத்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் பலகை மட்டும் மாறவில்லை. தாலியை அடகு வைக்கப் போகும் அக்காவுக்கு, தான் ஒரு காலனியக் கலைச்சொல்லின் கீழே நிற்கிறோம் என்பது தெரிய வாய்ப்பில்லை.

கூட்டு மலாய் மாநிலங்களில் சூதாட்டக் குத்தகை 1912இல் ஒழிக்கப்பட்டது. அப்போது தமிழன் எங்கே இருந்தான்? கித்தா தோட்டத்தில். அவனுக்குச் சூதாட்டக் கொட்டகை இல்லை, கள்ளுக்கடை இருந்தது, அதுவும் தோட்டத்துக்குள்ளேயே. கூலி கொடுக்கும் நிர்வாகத்தின் கண்காணிப்பிலேயே கூலி செலவாகும் இடமும் இருந்தது. சீனனுக்கு அபினும் சூதும், தமிழனுக்குக் கள்ளு. ஒவ்வொரு இனத்தின் பலவீனம் எதுவென்று அரசாங்கமே முடிவு பண்ணி, அதன்மேல் வரி போட்ட ஏற்பாடு இது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூடு என்பது. கூலி உயர்வோடு சேர்த்து அதையும் கேட்டார்கள் என்பதை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, மலைக்கு வருவோம்.

லிம் கோ டோங் 1918இல் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் பிறந்தவர். 1937இல் மலாயாவுக்கு வந்தார். போருக்குப் பிறகு பழைய கனரக இயந்திரங்களை வாங்கிப் பழுது பார்த்து விற்று முன்னுக்கு வந்தார், பிறகு கட்டுமானக் காண்ட்ராக்டர் ஆனார். 1964இல் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை. அங்கே குளிருக்காக மக்கள் வருவதைப் பார்த்திருக்கிறார். கேமரன் மலை, ஃபிரேசர் மலை, பினாங்கு மலை எல்லாமே வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து உண்டாக்கியவை. கோலாலம்பூர் ஆட்கள் போய்வர எதுவும் பக்கத்தில் இல்லை. வரைபடத்தைப் பார்த்து உலு காலி மலையைப் பிடித்தார். பகாங், சிலாங்கூர் எல்லையில் இருக்கிற காட்டு மலை.

தனியாகச் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். 1965 ஏப்ரலில் கம்பெனி தொடங்கியபோது கூட்டாளியாக இருந்தவர் ஹாஜி முகமது நோவா ஓமார். நாடாளுமன்றத்தின் முதல் சபாநாயகர். பிற்பாடு பிரதமரான அப்துல் ரசாக், அவருக்கு அடுத்துப் பிரதமரான ஹுசேன் ஓன் இருவருக்கும் மாமனார். இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பகாங் 12,000 ஏக்கரும் சிலாங்கூர் 2,800 ஏக்கரும் கொடுத்தன. குத்தகை நிலமாக இல்லை, நிரந்தர உடைமையாக.

1965 ஆகஸ்ட் 18இல் சாலை வேலை தொடங்கியது. கெந்திங் செம்பாவிலிருந்து உச்சிக்குப் போக நான்கு வருஷம் ஆனது. அரசாங்கம் காசு போடவில்லை. சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அவர் செலவு. மழையில் மண் சரியும், மறுபடி வெட்டணும். சம்பாதித்ததையெல்லாம் மலையில் கொட்டுகிறார் என்று நண்பர்களே பேசிக்கொண்ட காலம் அது.

1969 மார்ச் 31இல் முதல் விடுதிக்கு அடிக்கல் நாட்டப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மேலே வந்தார். லிம் தன் சுயசரிதையில் சொல்லும் கதை இதுதான்: அரசாங்க உதவியில்லாமல் ஒரு மனுஷன் இவ்வளவு செய்திருக்கிறாரே என்று துங்கு அசந்துபோனார், இந்த ஒதுக்குப்புறம் சீக்கிரம் வளரணும்னா கேசினோ உரிமம் கொடுக்கலாம் என்று அவரே சொன்னார். துங்கு குதிரைப் பந்தயப் பிரியர், அதை ஒளித்ததும் இல்லை. அதனால் கதை நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்கும்போது ஒரு தனிமனிதரின் பெருந்தன்மை மாதிரி இருக்கிற இந்தக் காட்சியை, அந்த வருஷத்தின் மற்ற காரியங்களோடு வைத்துப் பார்க்கணும் என்பது என் கட்சி.

அதே 1969இல்தான் மேக்னம் கம்பெனிக்கு நாலு நம்பர் லாட்டரி நடத்த உரிமம் கிடைத்தது. அதே 1969இல்தான் அரசாங்கமே ஸ்போர்ட்ஸ் டோட்டோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. நம்மூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் பெரியவர்கள் கனவைச் சொல்லி 'நம்பர் எடுக்குற' பழக்கம், மலையுச்சிக் கேசினோ எல்லாமே ஒரே வருஷத்துப் பிள்ளைகள். திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருந்த சூதாட்டத்தை ஒழிக்க முடியாது, கணக்கில் கொண்டுவந்து வரி வாங்குவோம் என்கிற முடிவு அங்கே தெளிவாகத் தெரிகிறது. 1912இல் மூடிய கதவை வேறு பெயரில் திறந்தார்கள். அடிக்கல் நாட்டிய ஆறாவது வாரம், மே 13 கலவரம். அடுத்த வருஷம் துங்கு பதவி விலகினார். பிறகு அவர் ஏற்ற பொறுப்பு, இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் முதல் பொதுச் செயலாளர். வரலாறு சில சமயம் இப்படிக் கண்ணடிக்கும்.

1971 மே மாதம் முதல் விடுதி திறந்தது. முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. கேசினோ உரிமம் நிரந்தரமானது இல்லை; மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நிலம் நிரந்தரம், அந்த நிலத்துக்கு மதிப்பைத் தரும் காகிதத்துக்கு ஆயுள் மூன்று மாதம். ஃபார்க்கூவார் காலத்தைவிட இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

இனி நான் போன கதை.

கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் ஏறி அவானா நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து கேபிள் கார். பழைய கேபிள் கார் 1997இல் வந்தது. இப்போது ஓடுவது 2016 கடைசியில் தொடங்கிய புது வழி. வழியில் இரண்டு கட்டடங்களைக் கவனிக்கச் சொல்வேன். கீழே கோ டோங் ஜெயாவில் கூட்டாளி நோவாவின் பெயரில் ஒரு பள்ளிவாசல். மேலே பாதி வழியில் லிம் கோ டோங் கட்டிய சின் சுவீ கோயில், பாறைச் சரிவில். அதற்கு 1970களில் தொடங்கிய வேலை 1994 வரை இழுத்தது. கேபிள் கார் அந்தக் கோயிலில் நின்றுதான் போகிறது. முதலில் பள்ளிவாசல், பிறகு கோயில், உச்சியில் கேசினோ. இரண்டு கூட்டாளிகளும் அவரவர் கணக்கை முன்கூட்டியே தீர்த்துவைத்துவிட்ட மாதிரி.

கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தச் சாலை மறந்துபோகும். 1995 ஜூன் 30இல் கெந்திங் செம்பா பக்கம் மண்சரிவில் 20 பேர் செத்தார்கள். 2013 ஆகஸ்டில் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர். 2022 டிசம்பரில் மறுபக்கத்து பத்தாங் காலி சாலையோரம் முகாம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் மண் சரிந்து 31 பேர். ஏறவே கூடாத இடத்தில் ஏற்றிய சாலை என்று பழைய ஆட்கள் சொன்னதில் வெறும் பயம் மட்டும் இல்லை.

மேலே இறங்கினால் அது மலையுச்சி என்றே தெரியாது. பேரங்காடி. ஸ்கை அவென்யூ என்று பெயர். கூரையிலிருந்து நூலில் தொங்கும் ஆயிரக்கணக்கான விளக்கு உருண்டைகள் இசைக்கு ஏற்றபடி மேலும் கீழும் ஆடுகின்றன. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். 2013இல் 500 கோடி வெள்ளி செலவில் புதுப்பிப்பதாக அறிவித்தார்கள் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்). செலவு போகப் போக அதன் இரண்டு மடங்குக்கு ஏறியது. பழைய திறந்தவெளி விளையாட்டுப் பூங்காவை மூடிவிட்டு, ஹாலிவுட் ஃபாக்ஸ் கம்பெனியோடு சேர்ந்து புதுசு கட்டத் தொடங்கினார்கள். ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது, ஒப்பந்தம் முறிந்தது, 2018இல் 100 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்கு, 2019இல் சமரசம், கடைசியில் 2022 பிப்ரவரியில் பூங்கா திறந்தது. நடுவே பெருந்தொற்றில் 2020 மார்ச்சில் கேசினோவையே மூடவேண்டி வந்தது. பழைய கூடத்துக்கு டை கட்டாமல் போனால் வாசலில் பாத்தேக் சட்டையை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகணும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது அதெல்லாம் இல்லை. நான் ஜீன்ஸில்தான் போனேன்.

ஸ்கை கேசினோவின் வாசல் அந்தப் பேரங்காடியோடு ஒட்டியே இருக்கிறது. முஸ்லிம்களுக்கும் 21 வயது நிரம்பாதவர்களுக்கும் அனுமதியில்லை என்று அறிவிப்பு. முன்னால் போன சீனத் தம்பதியைக் காவலர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். என்னைப் பார்த்து "ஐ.சி." என்றார், மரியாதையாகத்தான். அடையாள அட்டையை நீட்டினேன். அவர் என் பெயரைப் பார்க்கவில்லை. அட்டையில் வலது பக்கம் ஒரு இடம் உண்டு; முஸ்லிமாக இருந்தால் அங்கே 'இஸ்லாம்' என்று அச்சிட்டிருக்கும், மற்றவர்களுக்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் ஏராளம், முகத்தை வைத்துச் சொல்ல முடியாது, அவர் வேலையை அவர் செய்கிறார். ஆனாலும் அந்த இரண்டு நொடியில் எனக்கு ஒன்று உறைத்தது. அபின் சீனனுக்கு, கள்ளு தமிழனுக்கு என்று பிரித்த பழைய கணக்குப் புத்தகம் இன்னும் மூடப்படவில்லை. நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விலக்கப்பட்ட பாவம், மிச்சப் பேருக்கு அனுமதிக்கப்பட்டு, அதிலிருந்து வரும் வரி எல்லாருக்கும் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. 2018 நவம்பரில் படித்த வரவுசெலவுத் திட்டத்தில் கேசினோவின் ஆண்டு உரிமக் கட்டணத்தை 12 கோடி வெள்ளியிலிருந்து 15 கோடியாக உயர்த்தினார்கள், வரியை 35 சதவீதம் வரை ஏற்றினார்கள்.

உள்ளே ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. இதை எல்லாரும் எழுதியாகிவிட்டது. எனக்குப் புதுசாகப் பட்டது சத்தம். பழைய நாணயம் கொட்டும் ஓசையை இப்போது ஒலிபெருக்கிதான் தருகிறது. இயந்திரத்திலிருந்து வருவது காகிதச் சீட்டு. ஆட்களில் பெரும்பாலோர் ஐம்பது தாண்டியவர்கள். இயந்திரங்களின் முன்னால் ஸ்வெட்டர் போட்ட அம்மாக்கள், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். உற்சாகம் என்று சொல்லும்படியாக யார் முகத்திலும் எதுவும் இல்லை.

150 வெள்ளி எடுத்து வைத்திருந்தேன். தாய் சாய் மேசைக்குப் போனேன். பெயருக்குப் பொருள் பெருசு, சிறுசு. கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று பகடை. கூட்டுத்தொகை 4 முதல் 10 வரை வந்தால் சிறுசு, 11 முதல் 17 வரை வந்தால் பெருசு. வைத்த பணத்துக்குச் சரிக்குச் சரி கிடைக்கும். பார்த்தால் பூவா தலையா மாதிரி நியாயமான ஆட்டம். ஒரே ஒரு விதி: மூன்று பகடையிலும் ஒரே எண் விழுந்தால் பெருசும் தோற்கும், சிறுசும் தோற்கும்.

மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். அதில் பெருசுக்கு 105, சிறுசுக்கு 105. மிச்சம் ஆறு. ஒன்று ஒன்று ஒன்று, இரண்டு இரண்டு இரண்டு என்று ஆறு வரை. 216இல் அந்த ஆறுதான் வீட்டுக்காரன் பங்கு, 2.78 சதவீதம். அந்த மேசையில் அன்றைக்குக் குறைந்தபட்சம் 25 வெள்ளி. ஒவ்வொரு தடவை நான் 25 வைக்கும்போதும் சராசரியாக 70 காசு மேசைக்குப் போகிறது. மணிக்கு 40 ஆட்டம் என்றால் 28 வெள்ளி. ஒரு ஆளுக்கு, ஒரு மணி நேரத்துக்கு, மிகக் குறைந்த பந்தயத்தில். பக்காராவில் இது இன்னும் குறைவு, ஒரு சதவீதம் சொச்சம். அதனால்தான் பெரும் பணக்காரர்கள் அங்கே போகிறார்கள். யாரையும் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆட்கள் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் போதும். மேலே சொன்ன சாலை, கேபிள் கார், ஆடும் விளக்கு உருண்டைகள், 7,351 அறைகளோடு கின்னஸ் புத்தகத்தில் ஏறிய ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல் எல்லாம் எதற்கு என்று கேட்டால், ஆட்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும் என்பதற்கு.

பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெரியவர். எழுபது வயசு இருக்கும். மேசைக்கு மேலே திரையில் கடைசி ஆட்டங்களின் முடிவுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அதைக் கையில் வைத்திருந்த அட்டையில் குறித்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, அஞ்சு தடவ பெருசு வந்துருச்சு. இனி சிறுசுதான். வைங்க."

"எப்படி அங்கிள் சொல்றீங்க?"

"முப்பது வருஷமா வர்றேன் லா. எனக்குத் தெரியாதா?"

பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது. முந்தின ஐந்து ஆட்டம் எப்படிப் போனது என்று அதற்குத் தெரியாது. ஆறாவது தடவையும் அதே 105க்கு 105தான். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் திரையை மாட்டி வைத்திருப்பதே அவர் மாதிரி ஆட்களுக்காகத்தான். முடிவுகளைக் காட்டுவதால் கேசினோவுக்கு ஒரு காசு நஷ்டமில்லை, ஆனால் உட்கார்ந்திருப்பவருக்குத் தான் ஏதோ படிக்கிறோம், ஆராய்கிறோம் என்ற நினைப்பு வருகிறது. சிறுசில் 25 வைத்தேன். சிறுசு வந்தது. பெரியவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மாதிரி. அவர் சொன்னது தப்பு என்று எனக்குக் கணக்கு தெரியும். ஆனால் அந்த நொடியில் அவரை நம்பினேன் என்பதையும் சொல்லித்தான் ஆகணும். ஒன்றரை மணி நேரத்தில் 150 போயிற்று.

கிளம்பும்போது, "சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்றேன். "பாயிண்ட் இருக்கு, அதுல சாப்பிட்டுக்கலாம்" என்றார். உறுப்பினர் அட்டையில் சேரும் புள்ளிகளைச் சொல்கிறார். எவ்வளவு ஆடுகிறோமோ அவ்வளவு புள்ளி, அதில் சாப்பாடு, ரூம். தோட்டத்தில் கடையில் பற்று வைத்துச் சாப்பிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலத்தைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது அதைத் தலைகீழாகப் போட்ட மாதிரி இருந்தது: முதலில் கழித்துக்கொள்கிறார்கள், பிறகு பற்று கொடுக்கிறார்கள்.

இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சுரங்கத்துக் குத்தகைக் கொட்டகைக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் தூரம். அன்று கொட்டகை தொழிலாளியின் குடிசை வாசலில் இருந்தது. 1969இல் கொடுத்த அனுமதியில் ஒரு நியாயம் இருந்ததென்றால் அது மலைதான். ஏறணும், வளைவுகளைத் தாண்டணும், குளிரணும்; நினைத்தவுடன் போய்விட முடியாது. சட்டத்தில் எழுதாத வேலியாக அந்தச் சாலை இருந்தது. ஐம்பது வருஷமாக நடந்த ஒவ்வொரு புதுப்பித்தலும் அந்த வேலியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்திருக்கிறது. அகலமான சாலை, வேகமான கேபிள் கார், பிள்ளைகளோடு போக ஒரு பூங்கா, கீழேயே ஒரு சலுகை விலை அங்காடி. கேசினோவுக்குப் போகிறேன் என்று இன்று யாரும் வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. கெந்திங் போறோம் என்றால் போதும்.

வேலியை வேறு விதமாகக் கட்டியவர்கள் சிங்கப்பூர்க்காரர்கள். 1829இல் ஒழித்ததை 2010இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதலில் திறந்தது செந்தோசாத் தீவில், அந்த வருஷத்துச் சீனப் புத்தாண்டு நாளில். நடத்துவது யார்? இதே கெந்திங். ஆனால் அங்கே நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போகவே ஒரு நாளைக்கு 100 டாலர் கட்டணம். 2019இல் அதை 150 ஆக்கினார்கள். திவாலானவர்களுக்கும் அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் தானாகவே தடை. கணவனைத் தடுக்கச் சொல்லி மனைவி விண்ணப்பிக்கலாம். சொந்த மக்களை அப்படிக் காக்கிற சட்டம், வெளிநாட்டு அட்டையோடு வருகிறவனிடம் நுழைவுக் கட்டணம் கேட்பதில்லை. கட்டடம் கட்டப் போயிருக்கும் நம் ஊர்ப் பையன், சம்பள நாளன்று, இலவசமாகவே உள்ளே போகலாம்.

லிம் கோ டோங் 2007 அக்டோபரில் இறந்தார். அதற்குள் அவர் பணம் அமெரிக்கா வரை போயிருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் பீக்வாட் பூர்வகுடிகள் 1992இல் திறந்த ஃபாக்ஸ்வுட்ஸ் கேசினோவுக்கு, அங்கிருந்த வங்கிகள் தயங்கியபோது, கடன் கொடுத்தவர் இவர்தான். காட்டு நிலம், ஓரங்கட்டப்பட்ட மக்கள், ஒரு தனி அனுமதி. அவருக்குப் பழகிய கணக்கு. லண்டனின் பழைய க்ராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட மன்றமும் கெந்திங் கைக்கு வந்தது, இப்போது மலைமேல் ஒரு ஹோட்டலுக்கு அந்தப் பெயர். 2012இல் அந்த லண்டன் மன்றத்தில் ஃபில் ஐவி என்ற ஆட்டக்காரர் சீட்டுகளின் பின்பக்க ஓரங்களில் இருந்த நுண்ணிய வேறுபாட்டைக் கவனித்து 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். கெந்திங் பணம் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் அது ஏமாற்று என்று தீர்ப்பானது. மேசையின் பங்கு 2.78 சதவீதமாக இருக்கலாம், ஒரு சதவீதமாக இருக்கலாம். ஆட்டக்காரன் பக்கம் அது திரும்பினால் நீதிமன்றத்தில் சந்திக்கலாம்.

அன்று சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டதால் கேபிள் காரில் போகாமல் பஸ்ஸுக்கு நின்றேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்க் குடும்பங்கள், கையில் பூங்காவில் வாங்கிய பலூன். பஸ் கிளம்புவதற்குச் சற்று முன்னால் ஒருவர் மட்டும் கேசினோ பக்கமிருந்து வேகமாக வந்து ஏறிக்கொண்டார். மனைவி எதுவும் கேட்கவில்லை. பிள்ளையை ஜன்னல் பக்கம் நகர்த்தி அவருக்கு இடம் விட்டார்.